நானோபடிகத்தில் எந்த மாசு அணுவைச் சேர்ப்பது? மாங்கனீசு, செம்பு, இட்டெர்பியம், வெள்ளீயம்: ஓர் ஒப்பீடு

"கையில் துத்தநாக செலினைடு நானோபடிகம் இருக்கிறது. மாங்கனீசு சேர்க்கட்டுமா, செம்பு சேர்க்கட்டுமா?"

குறைக்கடத்தி நானோபடிகங்களில் வேலை தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஒரு படி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அந்தப் படிகத்திடமிருந்து எந்த மாதிரி ஒளி வேண்டும், அந்த ஒளி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் எந்த அணு என்பது பாதி முடிவான மாதிரிதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறம் மாற்றுவதற்காக மட்டும் மாசூட்டலில், அதாவது படிகத்துக்குள் வேறொரு தனிமத்தின் அணுவைக் கொஞ்சமாகச் சேர்ப்பதில், இறங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நிறத்தை மாற்ற அதைவிடச் சுலபமான வழிகள் உண்டு. மாசு அணு தருவது வேறு மூன்று விஷயங்கள். ஒன்று, படிகம் விழுங்கும் ஒளியையும் வெளிவிடும் ஒளியையும் அது தள்ளித் தள்ளி வைக்கிறது. இரண்டு, ஒளிர்வின் ஆயுளை ஆயிரம் மடங்கு, சில சமயம் லட்சம் மடங்கு வரை நீட்டுகிறது. மூன்று, கட்டற்ற எலக்ட்ரான்களைக் கொண்டுவந்து, சாதாரணமாகக் கண்ணாடி போல அகச்சிவப்பை விட்டுவிடும் படிகத்தை அதை உட்கவர வைக்கிறது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால் மேலே படியுங்கள். எதுவும் வேண்டாமென்றால் அடுத்த பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## மாசூட்டாமலே முடியாதா?

முடியும், பல வேலைகளுக்கு. காட்மியம் செலினைடு படிகத்தை 2 நானோமீட்டர் அளவில் நிறுத்தினால் நீலம். 6 நானோமீட்டர் வரை வளரவிட்டால் சிவப்பு. இடையில் இருக்கும் எல்லா நிறமும் வளர்ச்சி நேரத்தை வைத்தே கிடைத்துவிடும். 2023-இல் எகிமோவ், ப்ரூஸ், பவெண்டி மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, அளவை வைத்தே நிறம் மாறும் இந்த நானோபடிகங்களுக்குத்தான்; குவாண்டம் புள்ளிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். அளவை மாற்ற விருப்பமில்லையா, இரண்டு குறைக்கடத்திகளைக் கலந்து ஒரே படிகமாக்கலாம். கலவை விகிதத்தோடு பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், நகரும். நன்றாகச் செய்த படிகத்தின் உமிழ்வு 25, 30 நானோமீட்டர் அகலத்துக்குள் அடங்கும். திரைக்குத் தேவையான தூய நிறம் அது. எந்த மாசு அணுவைச் சேர்த்துக் குழப்ப வேண்டிய அவசியமும் அங்கே இல்லை.

இந்த வழியின் குறை எங்கே தெரியும் என்றால், ஒளி நீண்ட தூரம் போக வேண்டிய இடத்தில். மாசூட்டாத படிகத்தில் உட்கவரும் விளிம்பும் உமிழும் உச்சியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஒரு படிகம் விட்ட ஒளியைப் பக்கத்துப் படிகம் விழுங்கிவிடும். அடர்த்தியான கரைசலைக் குவளையில் எடுத்து ஒரு ஓரத்தில் புற ஊதாக் கதிரை அடித்துப் பாருங்கள். அடித்த இடத்தில் பச்சையாகத் தெரியும் ஒளி, கரைசலைக் கடந்து மறுபக்கம் வரும்போது மங்கி, மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். பச்சையின் நீலப் பகுதியை வழியில் இருந்த படிகங்களே தின்றுவிட்டன. மெல்லிய படலத்தில் இது பொருட்டில்லை. ஆனால் ஒளியைச் சேகரித்து விளிம்புக்குக் கொண்டுபோகும் கண்ணாடித் தகட்டில் இதுவே முழு நஷ்டம். மாசு அணுவுக்கு வேலை தொடங்கும் இடம் இதுதான்.

காட்மியம் என்ற காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாயப் பொருள் விதிகள் மின்னணுப் பொருட்களில் காட்மியத்தை எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. துத்தநாக செலினைடிலும் துத்தநாக சல்பைடிலும் காட்மியம் இல்லை. ஆனால் அவற்றின் பட்டை இடைவெளி அகலமானது, அளவை எப்படி மாற்றினாலும் ஆரஞ்சும் சிவப்பும் வராது. மாசு அணு இருந்தால் வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன், இதே வரிசையில்.

1. ஆயுள். தூண்டிய பிறகு ஒளி வெளிவர எவ்வளவு நேரம்? பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் இதைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.
2. ஸ்டோக்ஸ் இடைவெளி. உட்கவர்தலுக்கும் உமிழ்வுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?
3. நிறம் நகருமா? அணுவே நிறத்தை முடிவு செய்கிறதா, படிகமும் சேர்ந்து முடிவு செய்கிறதா?
4. உமிழ்வின் அகலம்.
5. அணு உள்ளே போகுமா, உள்ளே போனதை நிரூபிக்க முடியுமா? மறைமுகச் செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

## ஒரு சின்னக் கணக்கு

மாசூட்டல் என்றதும் சிலிக்கான் பழக்கத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று நினைப்போம். நானோபடிகத்தில் அந்தக் கணக்கே செல்லாது.

4 நானோமீட்டர் விட்டமுள்ள துத்தநாக செலினைடு படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு ஏறக்குறைய 33 கன நானோமீட்டர். அதற்குள் இருப்பது சுமார் 730 துத்தநாக அணுக்கள், அவ்வளவுதான். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் ஆயிரத்துச் சொச்சம் படிகங்களில் ஒன்றில்தான் ஒரு மாசு அணு இருக்கும். மறுபக்கம், ஒரு படிகத்தில் ஒரே ஒரு அணு வைத்தாலே செறிவு 0.14 சதவீதம், அந்த அணு ஓர் எலக்ட்ரானைத் தந்தால் கன சென்டிமீட்டருக்கு 3×10¹⁹ எலக்ட்ரான். சிலிக்கானில் அதைக் கனத்த மாசூட்டல் என்போம்.

அப்புறம் பங்கீடு. சராசரியாகப் படிகத்துக்கு ஓர் அணு என்று கரைசலில் சேர்த்தால், எல்லாப் படிகத்துக்கும் ஒன்று ஒன்றாகப் போய்ச் சேராது. சீரற்றுப் போய் உட்கார்ந்தால் 37 சதவீதப் படிகங்களில் ஒன்றும் இருக்காது. இன்னொரு 37 சதவீதத்தில் ஒன்று. 18 சதவீதத்தில் இரண்டு. மீதியில் மூன்று, அதற்கு மேல். நிறமாலையில் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் படிகத்தின் சொந்த நீலம் விடாமல் எட்டிப் பார்க்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் இந்த 37 சதவீதத்தை நினைக்க வேண்டும். சராசரியை 3-க்கு உயர்த்தினால் வெறும் படிகங்கள் 5 சதவீதமாகும். 5-க்கு உயர்த்தினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஒளிர்வுக்காக மாசூட்டுகிறவர்களுக்கு இதுதான் குறைந்தபட்ச இலக்கு.

## மாங்கனீசு

இரட்டை நேர்மின் மாங்கனீசு அயனி துத்தநாகத்தின் இடத்தில் வம்பில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். மின்னூட்டம் ஒன்றே, உருவமும் பெரிதாக வேறுபடாது. ஒளியைத் தாய்ப் படிகம், அதாவது மாசு அணுவை ஏற்றுக்கொண்ட படிகம், விழுங்குகிறது. ஆற்றல் பைக்கோவினாடிக் கணக்கில் மாங்கனீசுக்குக் கைமாறுகிறது. மாங்கனீசு தன் சொந்த டி எலக்ட்ரான் நிலைகளுக்குள் இறங்கி, ஏறக்குறைய 2.1 எலக்ட்ரான் வோல்ட்டில், 580 முதல் 600 நானோமீட்டருக்குள் ஆரஞ்சாக ஒளிர்கிறது. படிகத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இந்த நிறம் பெரிதாக அசையாது. சுற்றியுள்ள அணிக்கோவையின் (படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கின்) இறுக்கத்தைப் பொறுத்துக் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

துத்தநாக செலினைடு விழுங்குவது 420 நானோமீட்டருக்குக் கீழே. உமிழ்வதோ 590-க்கு அருகில். இடையில் பெரிய வெட்டவெளி. உமிழ்ந்த ஒளியை எந்தப் படிகமும் திரும்ப விழுங்குவதில்லை. முன்பு சொன்ன, ஒளியை விளிம்புக்குக் கொண்டுபோகும் சூரிய ஒளிச் செறிவுத் தகடுகளுக்கு இதைவிடச் சுத்தமான பொருள் கிடைப்பது அரிது. குறையும் அதே இடத்தில்தான்: சூரிய ஒளியின் பெரும்பகுதி 420-க்கு மேலே இருக்கிறது, அதை இந்தப் படிகம் தொடுவதே இல்லை. மறு உட்கவர்தல் இல்லாத தகடு என்று மகிழும்போது, முதல் உட்கவர்தலும் குறைவு என்பது மறந்துவிடக் கூடாது.

ஆயுள் விஷயத்துக்கு வருவோம். மாங்கனீசின் இந்த இறக்கம் எலக்ட்ரானின் சுழற்சி (ஸ்பின்) விதிப்படி தடைசெய்யப்பட்டது. அதனால் ஒளி அவசரப்படாமல், மில்லிவினாடி அளவில் வருகிறது. இங்கே ஒரு பழைய கதை உண்டு, இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1994-இல் பார்கவாவும் சகாக்களும் மாங்கனீசு சேர்த்த துத்தநாக சல்பைடு நானோபடிகங்களைப் பற்றி அறிவித்தபோது, ஒளிர்வின் ஆயுள் நானோவினாடிகளுக்குச் சுருங்கிவிட்டது என்றார்கள். மில்லிவினாடியிலிருந்து நானோவினாடிக்கு! பெரிய பரபரப்பு, மாசூட்டிய நானோபடிகம் என்ற துறையே அந்த உற்சாகத்தில்தான் வேகம் எடுத்தது. 1998-இல் போலும் மெயரிங்கும் நிதானமாக அளந்து பார்த்தார்கள். மாங்கனீசின் ஆயுள் பழையபடியே 1.9 மில்லிவினாடி. வேகமாக மங்கியது மாங்கனீசின் ஒளியே அல்ல. அதே அலைநீளத்தில் வந்து விழுந்த படிகக் குறைபாடுகளின் பின்னணி ஒளிர்வு. ஆக, 590-இல் ஒளி வருகிறது என்பதாலேயே அது மாங்கனீசு என்று எழுதிவிட முடியாது. மங்கும் வேகத்தையும் அளந்துதான் ஆக வேண்டும்.

இந்த நீண்ட ஆயுள் நல்லதா கெட்டதா? இடத்தைப் பொறுத்தது. உயிரணுவுக்குள் படம் எடுக்கும்போது திசுக்களின் சொந்த ஒளிர்வு சில நானோவினாடிகளில் அணைந்துவிடும். சில மைக்ரோவினாடி காத்திருந்து கேமராவைத் திறந்தால் மாங்கனீசு மட்டுமே தெரியும், இருட்டில் விளக்கு மாதிரி. அதே ஆயுள், ஒற்றைத் துகளைத் தொடர்ந்து பார்க்க நினைப்பவருக்குச் சாபம். ஆயுள் 1 மில்லிவினாடி என்றால் ஒரு மாங்கனீசு அணு வினாடிக்கு அதிகபட்சம் 1000 ஃபோட்டான்தான் தர முடியும். 20 நானோவினாடி ஆயுளுள்ள சாதாரணக் குவாண்டம் புள்ளி அதே வினாடியில் 5 கோடி வரை தரலாம். விளக்கை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் இந்த வரம்பு நகராது. லேசர், வேகமான ஒளித்தொடர்பு போன்றவற்றுக்கு மாங்கனீசைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தாய்ப் படிகத்தின் பட்டை இடைவெளி 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். காட்மியம் செலினைடில் படிகம் மிகச் சிறியதாக இருக்கும்போது மட்டும் இது சாத்தியம். ஆனால் இடைவெளி 2.1-ஐ ஒட்டி நிற்கும் அளவில் ஒரு சுவாரசியமான விஷயம் நடக்கிறது. மாங்கனீசு வாங்கிய ஆற்றலை வெப்பத்தின் உதவியோடு படிகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். படிகத்தின் உமிழ்வும் மாங்கனீசின் உமிழ்வும் இரண்டும் தெரியும். அவற்றின் விகிதம் வெப்பநிலையோடு மாறும். விளக்கின் பிரகாசம் ஏறி இறங்கினாலும் விகிதம் பொய் சொல்லாது. நுண்ணிய வெப்பமானி செய்ய விரும்புவோருக்கு நான் தயங்காமல் காட்டும் வழி இது.

## செம்பு, கூடவே வெள்ளி

செம்பு நடந்துகொள்ளும் விதமே வேறு. மாங்கனீசில் ஏற்றமும் இறக்கமும் அணுவுக்குள்ளேயே நடக்கிறது. செம்பில் பாதி வேலை படிகத்தினுடையது: செம்பு அணு ஒரு துளையை (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடத்தை) பிடித்துக்கொள்கிறது, கடத்து பட்டையில், அதாவது தூண்டப்பட்ட எலக்ட்ரான்கள் நிற்கும் மேல் ஆற்றல் நிலையில், இருக்கும் எலக்ட்ரான் அங்கே இறங்கிவந்து சேரும்போது ஒளி வருகிறது. கடத்து பட்டையின் விளிம்பு படிகத்தின் அளவோடு ஏறி இறங்குவதால் நிறமும் கூடவே நகரும். துத்தநாக செலினைடில் நீலப்பச்சையும் பச்சையும். இண்டியம் பாஸ்பைடில் சிவப்பிலிருந்து 1100 நானோமீட்டர் அகச்சிவப்பு வரை. ஸ்டோக்ஸ் இடைவெளியும் வேண்டும், நிறத்தைத் திருப்பும் வசதியும் வேண்டும் என்றால் செம்புதான்.

விலை என்னவென்றால் அகலம். துளை செம்பில் வந்து உட்காரும்போது சுற்றியுள்ள பிணைப்புகள் நெளிகின்றன. அந்த நெளிவு உமிழ்வை 100 நானோமீட்டர் அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் விரித்துவிடும். தூய நிறம் கேட்பவர் செம்பிடம் வரக்கூடாது. வெள்ளை விளக்கு செய்பவருக்கோ இந்த அகலம் வரம்தான். ஆயுள் சில நூறு நானோவினாடி முதல் மைக்ரோவினாடி வரை. மாங்கனீசைவிட ஆயிரம் மடங்கு வேகம்.

செம்பு ஒற்றை நேர்மின் அயனியாக இருக்கிறதா, இரட்டையாகவா என்று வெகுகாலம் வாதம் நடந்தது. இப்போது பெரும்பாலான சான்றுகள் ஒற்றை பக்கமே நிற்கின்றன. இது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் இல்லை. இரட்டை நேர்மின் துத்தநாகத்தின் இடத்தில் ஒற்றை நேர்மின் செம்பு உட்கார்ந்தால் ஒரு நேர்மின்னூட்டம் குறைகிறது. அந்தக் குறையைப் படிகம் ஏதாவதொரு வழியில் ஈடுகட்டியாக வேண்டும். பெரும்பாலும் குறைபாடுகளால்தான் ஈடுகட்டும், அவை ஒளியைக் கொன்றுவிடும். பழைய வண்ணத் தொலைக்காட்சிக் குழாய்களின் பச்சை ஒளிர்பொருளில் துத்தநாக சல்பைடோடு செம்பை மட்டும் சேர்க்கவில்லை, மும்மை நேர்மின் அலுமினியத்தையும் சேர்த்தே வைத்தார்கள். ஒன்று குறைத்ததை மற்றொன்று நிரப்பும். நானோபடிகத்திலும் அதே பாடம் செல்லும்.

இன்னொரு எச்சரிக்கை: செம்பு ஓரிடத்தில் இருக்காது. காட்மியம் சல்பைடு படிகத்தில் செம்பைக் கூடுதலாக ஊற்றினால் அது விருந்தாளியாக வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும். காட்மியம் வெளியேறி முழுப் படிகமும் செம்பு சல்பைடாகிவிடும். சூடாக்கினாலும் மேற்பரப்பை நோக்கி ஊர்ந்துவிடும். மேலே ஒரு துத்தநாக சல்பைடு உறை போடாமல் செம்பு மாசூட்டிய படிகத்தைப் பாதுகாத்து வைக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. காட்மியம் செலினைடில் படிகத்துக்கு ஓரிரு வெள்ளி அணுக்கள் போனாலே படிகத்தின் சொந்த ஒளிர்வு கூடுகிறது என்று 2012-இல் டேவிட் நாரிஸ் குழுவினர் காட்டினார்கள். அழகான முடிவு. ஆனால் ஓரிரு அணுவைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு மேலே சொன்ன கணக்கே சாட்சி.

## லாந்தனைடுகள்

லாந்தனைடுகள் என்பவை அரிய மண் தனிமங்கள். யூரோப்பியம் 612 நானோமீட்டருக்கு அருகில் சிவப்பு, டெர்பியம் 545-இல் பச்சை. கோடு கிழித்த மாதிரி மெலிந்த உமிழ்வு, மில்லிவினாடி ஆயுள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துத்தநாக, காட்மியம் குடும்பப் படிகங்களில் இவை நுழைய மறுக்கும்: மின்னூட்டம் மூன்று, உருவமும் பெரிது, கந்தகத்தைவிட ஆக்சிஜனோடு சேரவே இவற்றுக்கு ஆசை. உள்ளே போனாலும் படிகத்திடமிருந்து ஆற்றல் சரியாகக் கைமாறுவதில்லை. இந்தச் சேர்க்கையில் வருடக்கணக்கில் நேரம் செலவிட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அது பெரிய விதிவிலக்கு: பெராவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள சீசியம் காரீய குளோரைடில் இட்டெர்பியம். இந்தப் படிகம் விழுங்கும் ஃபோட்டானின் ஆற்றல் 3 எலக்ட்ரான் வோல்ட். இட்டெர்பியம் உமிழ்வதோ 980 நானோமீட்டருக்கு அருகில், ஏறக்குறைய 1.26 எலக்ட்ரான் வோல்ட். ஒன்றை வாங்கி இரண்டாகச் சில்லறை மாற்ற இடம் இருக்கிறது, மாற்றவும் செய்கிறது. 2018-இல் கமெலின் குழுவினர் 170 சதவீதக் குவாண்டம் ஈவு வரை காட்டினார்கள். அதாவது நூறு ஃபோட்டான் உள்ளே, நூற்றெழுபது வெளியே. கோட்பாட்டு எல்லை 200. வெளிவரும் ஒளியைச் சிலிக்கான் சூரியக்கலம் நன்றாக விழுங்கும்.

இங்கே மின்னூட்டப் பொருத்தமின்மையே கைகொடுக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மூன்று இரட்டை நேர்மின் காரீய அயனிகளுக்குப் பதிலாக இரண்டு மும்மை நேர்மின் இட்டெர்பியமும் ஒரு காலி இடமும் வந்து உட்காருகின்றன. அந்த இரண்டு இட்டெர்பியமும் பக்கத்திலேயே இருப்பதால்தான் ஒரு தூண்டல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பகிரப்படுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். செம்பில் தொல்லையாக இருந்த அதே குறைபாடு இங்கே வேலைக்காரன்.

செலவுகள்: படிகத்தில் காரீயம் இருக்கிறது. ஈரத்தில் கரையும். வெளிச்சத்தின் செறிவு கூடக் கூட ஈவு இறங்கும், காரணம் மறுபடியும் அந்த மில்லிவினாடி ஆயுள்தான். குளோரைடு மட்டும் இருந்தால் 410 நானோமீட்டருக்கு மேலே எதையும் விழுங்காது. புரோமைடு கலந்து அதை நீட்டலாம், ஆனால் பட்டை இடைவெளி 2.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே போனால் இரண்டாக்க ஆற்றல் போதாது.

## வெள்ளீயம், அலுமினியம்: ஒளிராத மாசு

இதுவரை சொன்னதெல்லாம் ஒளி உமிழும் மாசு. இது வேறு குடும்பம். இண்டியம் ஆக்சைடில் வெள்ளீயம், துத்தநாக ஆக்சைடில் அலுமினியம்: இவை ஒளிர்வதில்லை, எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. கன சென்டிமீட்டருக்கு 10²⁰ முதல் 10²¹ வரை எலக்ட்ரான்கள் சேரும்போது அவை ஒன்றாக ஊசலாடத் தொடங்கும். அந்த ஊசலாட்டம் அகச்சிவப்பில் பலமான உட்கவர்தலாகத் தெரியும். பிளாஸ்மான் அதிர்வு என்று சொல்வது இதைத்தான்.

தங்கத் துகளிலும் இதே அதிர்வு உண்டு, ஆனால் தங்கத்தின் எலக்ட்ரான் அடர்த்தியை நாம் மாற்ற முடியாது. இங்கே மாற்றலாம். அதிர்வின் ஆற்றல் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. அலைநீளத்தைப் பாதியாக்க எலக்ட்ரான்களை நான்கு மடங்காக்க வேண்டும். வெள்ளீயம் பத்து சதவீதத்தை ஒட்டி வரும்போது அதிர்வு 1600 நானோமீட்டருக்கு அருகில் வரும். அதற்கு மேல் சேர்த்தால் பலனில்லை, திரும்ப விலகிப் போகும். கூடுதல் அணுக்கள் எலக்ட்ரான் தராமல் வெறுமனே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை ஏற்றி இறக்கவும் முடியும். வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும் சன்னல் கண்ணாடிக்கு அடிப்படை இதுதான். 2013-இல் மில்லிரன் குழுவினர் கண்ணாடிக்குள் பதித்த இத்தகைய நானோபடிகங்களால் இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்திக் காட்டினார்கள்.

செம்பு சல்பைடில் செம்பு அணுக்கள் குறைந்தாலே துளைகள் சேர்ந்து இதே அதிர்வு வரும், தனி மாசு அணுவே வேண்டாம். ஆனால் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் நடந்து உச்சி நாளுக்கு நாள் நகரும். இன்று அளந்த நிறமாலை அடுத்த வாரம் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | மாங்கனீசு | செம்பு | இட்டெர்பியம் (பெராவ்ஸ்கைட்டில்) | வெள்ளீயம் (இண்டியம் ஆக்சைடில்) |
|---|---|---|---|---|
| என்ன தருகிறது | ஆரஞ்சு, 580–600 நா.மீ. | பச்சை முதல் அகச்சிவப்பு வரை | அகச்சிவப்பு, 980 நா.மீ. அருகில் | உமிழ்வு இல்லை. அகச்சிவப்பு உட்கவர்தல் |
| படிக அளவோடு நகருமா | ஏறக்குறைய இல்லை | நன்றாக நகரும் | இல்லை | எலக்ட்ரான் அடர்த்தியோடு நகரும் |
| உமிழ்வின் அகலம் | நடுத்தரம், 50–60 நா.மீ. | மிக அகலம் | குறுகல் | பொருந்தாது |
| ஆயுள் | மில்லிவினாடி | நூறு நானோவினாடி முதல் மைக்ரோவினாடி | மில்லிவினாடி | பொருந்தாது |
| மறு உட்கவர்தல் | கிட்டத்தட்ட இல்லை | குறைவு | கிட்டத்தட்ட இல்லை | பொருந்தாது |
| மறைந்திருக்கும் செலவு | தூண்டப் புற ஊதா தேவை. பிரகாச வரம்பு | மின்னூட்ட ஈடு, இடம்பெயர்தல் | காரீயம், ஈரம் | பத்து சதவீதத்துக்கு மேல் பலனில்லை |

## உள்ளே போனதா, வெளியே ஒட்டியிருக்கிறதா?

எந்த அணுவைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி உங்களை விடாது. அணு படிகத்துக்குள் போகாமல் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தனிமப் பகுப்பாய்வுக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அமிலத்தில் கரைத்து எண்ணிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாங்கனீசு சேர்த்த ஒரு தொகுதியை எதனாலில் மூன்று முறை கழுவிப் பகுப்பாய்வுக்கு அனுப்பினேன். சேர்த்த மாங்கனீசில் பெரும்பகுதி படிகத்தில் இருப்பதாக எண் வந்தது, மகிழ்ச்சியாகக் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அதே தூளை, மேற்பரப்பில் ஒட்டியதைக் கழற்றும் பிரிடின் கரைப்பானில் ஓர் இரவு கலக்கி, வீழ்படிவாக்கி, மறுபடி அனுப்பினேன். கால் பங்குதான் மிஞ்சியிருந்தது. முக்கால் பங்கு வெளிச்சுவரில் ஒட்டியிருந்த தூசு. காந்தப்புலத்தில் மாங்கனீசின் எலக்ட்ரான்களைப் பார்க்கும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது: கழுவுவதற்கு முன் அகன்ற மேடு போல ஒன்று, அதன் மேல் கொஞ்சம் நெளிவு. கழுவிய பிறகு மேடு போய், ஆறு கோடுகள் தனித்தனியாக நின்றன. அணிக்கோவைக்குள் இருக்கும் மாங்கனீசுக்கு அந்தக் கோடுகளின் இடைவெளி 60 முதல் 70 காஸ் (காந்தப்புல அலகு). மேற்பரப்பில் இருப்பதற்கு 90-ஐ நெருங்கும்.

ஏன் உள்ளே போக மறுக்கிறது? 2005-இல் எர்வின், எஃப்ரோஸ், நாரிஸ் முதலியோர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் வழிகாட்டி. வளர்கிற படிகத்தின் முகத்தில் மாசு அணு போதிய நேரம் ஒட்டி நின்றால்தான் அடுத்த அடுக்கு அதன் மேல் மூடும். சில முகங்கள் பிடித்துக்கொள்ளும், சில கைவிட்டுவிடும். கனசதுர வகை (ஜிங்க் பிளெண்ட்) படிக அமைப்பின் குறிப்பிட்ட முகங்கள் மாங்கனீசை இறுகப் பிடிக்கும். அறுகோண அமைப்பில் அந்தப் பிடி இல்லை. துத்தநாக செலினைடு ஏன் சுலபம், அறுகோணக் காட்மியம் செலினைடு ஏன் பாடாய்ப்படுத்துகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஆகவே வினைமுறையில் வெப்பநிலைதான் எல்லாம். அணு ஒட்டுவதற்கு ஒரு வெப்பநிலை, உள்ளே பதிவதற்கு அதைவிடக் கூடுதலான ஒன்று, வெளியே தள்ளப்படுவதற்கு இன்னும் கூடுதலான ஒன்று. செம்புக்கு, படிகத்தை வளர்த்து, சூட்டை இறக்கி, செம்பை ஒட்டவிட்டு, பிறகு சூட்டை ஏற்றி மேல் அடுக்கை மூடுவது வழக்கம். மாங்கனீசுக்கு மாங்கனீசு செலினைடின் சிறு கருவை முதலில் உருவாக்கி, அதன் மேல் துத்தநாக செலினைடை வளர்ப்பதும் நல்ல வழி. அப்போது அணு உள்ளேதான் இருக்கும். ஆனால் மாங்கனீசுகள் நெருங்கியிருப்பதால் ஒன்றுக்கொன்று ஆற்றலைக் கடத்தி ஆயுள் குறையும்.

நேரச் செலவைக் கணக்கிடும்போது படிகம் செய்வதற்கு ஒரு பங்கு என்றால், உள்ளே போனதை நிரூபிக்க மூன்று பங்கு ஒதுக்குங்கள்.

## எந்த வேலைக்கு எது

திரை, தூய நிறம்: மாசூட்டாத படிகம். அளவையும் உறையையும் சரிசெய்வதில் நேரத்தைப் போடுங்கள்.

சூரிய ஒளிச் செறிவுத் தகடு: தகடு பெரிதென்றால் மறு உட்கவர்தல்தான் எதிரி. அதிக ஒளியை விழுங்க வேண்டுமென்றால் செம்பு, மிகப் பெரிய தகட்டில் ஒளி இழப்பே கூடாதென்றால் மாங்கனீசு. சிலிக்கான் கலத்தின் மேல் படலமாகப் பூசுவதென்றால் இட்டெர்பியம், ஈரம் புகாமல் மூடத் தெரிந்தால் மட்டும்.

திசுக்களில் படம்: காட்மியம் இல்லாத தாய்ப் படிகத்தில் மாங்கனீசு, காலந்தாழ்த்திப் பதிவு செய்யும் கேமராவோடு. ஆழமான திசு என்றால் ஆரஞ்சு ஒளி வெளியே வராது. அப்போது இண்டியம் பாஸ்பைடில் செம்பு.

வெப்பமானி: சிறிய காட்மியம் செலினைடில் மாங்கனீசு.

வெள்ளை விளக்கு: செம்பின் அகன்ற உமிழ்வு. வேண்டுமானால் மாங்கனீசையும் கூட்டிக்கொள்ளலாம்.

வெப்பம் தடுக்கும் கண்ணாடி: வெள்ளீயம் அல்லது அலுமினியம். விலை முக்கியமென்றால் அலுமினியம் சேர்த்த துத்தநாக ஆக்சைடு. ஆனால் அதன் அதிர்வு இன்னும் நீண்ட அலைநீளத்தில் விழும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். கையில் துத்தநாக செலினைடு, பயன்பாடு இன்னும் முடிவாகவில்லை, தொடங்கியாக வேண்டும். அப்படியென்றால் மாங்கனீசிலிருந்து தொடங்குங்கள். அதன் தவறுகள் மறைந்திருக்காது: உள்ளே போனால் ஆறு கோடு தெரியும், ஆயுள் மில்லிவினாடியில் நிற்கும், ஊதா விளக்கின் கீழ் ஆரஞ்சு தெரியும். மூன்றும் ஒத்துவந்தால்தான் கணக்கில் சேருங்கள். செம்புக்கு இப்படி வெளிப்படையான சாட்சிகள் கிடையாது. ஒவ்வொரு முறையும், மாங்கனீசு சேர்க்காமல் மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்த ஒரு குடுவையை அன்றைக்கே பக்கத்தில் ஓடவிடுங்கள். 590-இல் வரும் ஒளியில் எவ்வளவு குறைபாட்டினுடையது என்பதை அந்தக் குடுவைதான் சொல்லும்.